இறங்கித் தள்ளிட்டு வாங்க

லண்டன் மழைக்கு ஒரு குணம் உண்டு. பெய்கிறதா இல்லையா என்று கடைசிவரை சொல்லாது, ஆனால் ஆபீஸ் போய்ச் சேரும்போது சாக்ஸைப் பிழியலாம். அப்படி ஒரு காலையில்தான் டூட்டிங்கிலிருந்து நீலப் பெயின்ட் அடித்த சைக்கிள் பாதையில் மிதித்து வந்து, அப்போது நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த வளாகத்தின் கேட் முன்னால் நின்றேன். வளாகத்தின் பெயர் வேண்டாம். ஊருக்கு நடுவில் இருக்கிறது, உள்ளே போகிற ரோட்டில் தரைக்குள்ளிருந்து எழும்பி நிற்கும் இரும்புத் தூண்கள், துப்பாக்கியோடு இரண்டு போலீஸ்காரர்கள், அவ்வளவு தெரிந்தால் போதும்.

எனக்கு முன்னால் ஒரு கார். டிரைவர் கண்ணாடியை இறக்கி அட்டையைக் காட்டினார், நீளக் கழியில் மாட்டிய கண்ணாடியை வைத்து வண்டிக்கு அடியில் ஒரு பார்வை பார்த்தார்கள், தூண்கள் தரைக்குள் இறங்கின, கார் போனது. தூண்கள் இன்னும் மேலே எழும்பவில்லை. நானும் அட்டையை நீட்டினேன்.

"சார், இறங்கி அந்தப் பக்கத்து கேட் வழியா தள்ளிட்டு வாங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் முந்தின நாள் அதே இடத்தில் வேறொருவர் "போங்க போங்க" என்று கையை ஆட்டி அந்தத் தூண்களின் மேலேயே என்னை விட்டிருந்தார். அதற்கு முந்தின வாரம் ஒருவர் இறங்கச் சொன்னார், ஆனால் கார் போகிற வழியிலேயே தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். மூன்று பேர், மூன்று சட்டம்.

பக்கத்து கேட் என்பது ஓர் ஆள் நுழையும் அகலம். தானாக மூடிக்கொள்ளும் கனமான இரும்புக் கதவு. அதை முதுகால் தள்ளிப் பிடித்துக்கொண்டு சைக்கிளை உள்ளே இழுக்க வேண்டும், ஹேண்டில்பார் ஒரு பக்கம் உரசும், பின்னால் தொங்கும் பை மறு பக்கம் மாட்டும், அதை விடுவிக்கத் திரும்பினால் பெடல் வந்து கெண்டைக்கால் எலும்பில் நங்கென்று அடிக்கும். என் ஷூவின் அடியில் பெடலில் மாட்டுவதற்கான க்ளீட் இருக்கிறது, ஈரக் கருங்கல்லில் அது சறுக்கும், குதிரை லாடம் மாதிரி டக்டக்கென்று சத்தம் வேறு. முப்பது நொடி வேலைதான். அந்த முப்பது நொடியில் மனசுக்குள் ஓடியதை எழுத முடியாது.

பிரிட்டன் செய்திகளைப் பின்தொடர்கிறவர்களுக்கு இந்நேரம் ஒரு பெயர் ஞாபகம் வந்திருக்கும். மனசுக்குள் ஓட வேண்டியதை வாய்க்கு அனுப்பிவிட்ட ஆண்ட்ரூ மிட்செல்.

2012 செப்டம்பர் 19, சாயங்காலம் ஏழரை மணி வாக்கில். மிட்செல் அப்போது ஆளுங்கட்சியின் தலைமைக் கொறடா, பதவிக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பிரதமர் வீடு இருக்கும் டவுனிங் தெருவிலிருந்து சைக்கிளில் கிளம்புகிறார். கேட்டில் இருந்த போலீஸ்காரர்கள் பெரிய கேட்டைத் திறக்க மறுத்து, ஓரத்தில் இருக்கும் நடைபாதை கேட் வழியாகப் போகச் சொல்கிறார்கள். மிட்செல், தனக்கு எப்போதும் பெரிய கேட்டைத் திறப்பார்கள் என்கிறார். மறுபடி மறுப்பு. கடைசியில் ஓர கேட் வழியாகவே போகிறார், ஆனால் போகிறபோது சும்மா போகவில்லை. "நீங்கள்லாம் எங்களுக்கு உதவி பண்ணத்தானே இருக்கீங்கன்னு நினைச்சேன்" என்கிற அர்த்தத்தில், நடுவில் ஒரு கெட்ட வார்த்தையைச் சேர்த்துச் சொன்னார். இதை அவரே பிறகு ஒப்புக்கொண்டார். சண்டை அதற்கு மேல். உங்க இடம் எதுன்னு தெரிஞ்சுக்கோங்க, இந்த அரசாங்கத்தை நடத்துறது நீங்க இல்லை, நீங்க வெறும் 'பிளெப்' என்று அவர் சொன்னதாகப் போலீஸ் குறிப்பு சொன்னது. சொல்லவே இல்லை என்றார் அவர்.

பிளெப் என்பது பழைய ரோமில் பிரபுக் குடும்பங்களில் பிறக்காத சாதாரண ஜனங்களுக்கு இருந்த பெயரின் சுருக்கம். இங்கிலாந்தில் அதைப் பெரிய பள்ளிக்கூடங்களில் லத்தீன் படித்தவர்கள் சொல்கிற வசவு என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். தமிழில் என்ன சொல்லலாம் என்று யோசித்துப் பார்த்தேன். நம்மிடம் இதற்குத் தோதான சொற்களுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் ஒவ்வொன்றும் போய் ஏதாவது ஒரு சாதியின் மேல் முட்டி நிற்கும், அதனால் அப்படியே விட்டுவிடுகிறேன்.

அமெரிக்காவின் வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு எந்த விவகாரமானாலும் வாலில் 'கேட்' ஒட்டுவது பத்திரிகைப் பழக்கமாகிவிட்டது. இதற்கும் பிளெப்கேட் என்று பெயர் வைத்தார்கள். நிஜமாகவே ஒரு கேட் சம்பந்தப்பட்ட விவகாரம் அநேகமாக இது ஒன்றுதான் இருக்கும்.

நேரமும் மோசமாக வாய்த்தது. முந்தின நாள்தான் மான்செஸ்டரில் இரண்டு பெண் போலீசார் கொல்லப்பட்டிருந்தார்கள். போலீஸ் பட்ஜெட்டை அரசாங்கம் வெட்டிக்கொண்டிருந்த காலம் வேறு. போலீஸ்காரர்கள் 'நான் பிளெப், அதில் எனக்குப் பெருமை' என்கிற மாதிரி டீ ஷர்ட் போட்டுக்கொண்டு நின்றார்கள். சரியாக ஒரு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு, அக்டோபர் 19-ஆம் தேதி மிட்செல் பதவி விலகினார்.

அத்தோடு முடியவில்லை. டிசம்பரில் ஒரு தொலைக்காட்சி, கேட்டில் இருந்த கேமரா பதிவைக் காட்டியது. வெளியே பொதுமக்கள் அதிர்ந்துபோய் நின்றார்கள் என்று குறிப்பில் இருந்தது, பதிவில் அப்படி ஒரு கூட்டத்தைக் காணோம். இதை நேரில் பார்த்தேன் என்று ஒரு பொதுஜனம் எம்.பி.க்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது, அந்தப் பொதுஜனம் வேலையில் இருக்கும் போலீஸ்காரர், அந்த நேரத்தில் அங்கே இருக்கவே இல்லை. 2014-இல் அவருக்கு ஓராண்டு சிறை. இன்னும் சில போலீசார் வேலை இழந்தார்கள். சரி, மிட்செல் ஜெயித்துவிட்டார் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், செய்தியை வெளியிட்ட பத்திரிகை மேல் அவர் போட்ட அவதூறு வழக்கில் 2014 நவம்பர் 27-இல் நீதிபதி மிட்டிங் தீர்ப்புச் சொன்னார். அந்தச் சொல்லை, அல்லது அதற்கு மிக நெருக்கமான ஒன்றை, மிட்செல் சொல்லியிருக்கத்தான் அதிக வாய்ப்பு என்றார். அதை இட்டுக்கட்டுகிற அளவுக்கு அந்த கேட் போலீஸ்காரருக்குச் சமயோசிதமோ கற்பனையோ கிடையாது என்றும் சொன்னார். வழக்கில் ஜெயித்த சந்தோஷத்தில் அந்தப் போலீஸ்காரர் இதை எப்படி எடுத்துக்கொண்டாரோ!

இந்த வழக்கில் எனக்குப் பிடித்த இடம் இன்னொன்று, அது வக்கீல்களுக்கு மட்டும்தான் தெரியும். விசாரணைக்கு ஏழு நாள் முன்பு கொடுக்க வேண்டிய செலவுக் கணக்கை மிட்செலின் வக்கீல்கள் முந்தின நாள் கொடுத்தார்கள். ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் போட்டிருந்த கணக்கு, ஜெயித்தாலும் கோர்ட்டுக் கட்டணம் மட்டும்தான் கிடைக்கும் என்று அடிபட்டுப் போனது. மேல்முறையீட்டிலும் 2013-இல் அதே பதில். கேட்டைக் கொஞ்சம் திறந்துவிடக் கூடாதா என்று கேட்ட மனிதருக்குக் கோர்ட்டிலும் ஓர கேட்தான்.

இப்போது என் பிரச்சினைக்கு வருகிறேன். அந்த நாளில் அந்தப் போலீஸ்காரர் சொன்னது நியாயமா?

சைக்கிள்காரனாக எனக்கு முதலில் வந்த கோபம் எல்லோருக்கும் வருவதுதான். காருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? சட்டமும் என் பக்கம்தான் நிற்கிற மாதிரி தெரியும். இங்கிலாந்துச் சட்டப்படி சைக்கிள் ஒரு வண்டி. 1879-இல் டெய்லர் எதிர் குட்வின் என்ற வழக்கில், தாறுமாறாக வேகமாக ஓட்டிய ஒருவரைத் தண்டிப்பதற்காகத்தான் முதலில் அதை வண்டி என்றார்கள். 1888-இல் உள்ளாட்சிச் சட்டத்தில் அதை எழுதியே வைத்துவிட்டார்கள். வண்டி என்றால் வண்டி போகிற வழியில்தான் போக வேண்டும், நடைபாதையில் ஓட்டினால் 1835-ஆம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டப்படி குற்றம். அப்புறம் 1980-இல் இன்னொரு வழக்கு: கோடு போட்ட பாதசாரிக் கடவையில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார், அவர் பாதசாரியா இல்லையா என்று கேள்வி. பாதசாரிதான் என்றது நீதிமன்றம். ஆக சீட்டில் உட்கார்ந்திருக்கும்வரை நான் குதிரை வண்டிக்குச் சமம், ஒரு காலைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்த மாத்திரத்தில் மனுஷன். 'இறங்கித் தள்ளிட்டு வாங்க' என்று சொல்கிற போலீஸ்காரர், தெரிந்தோ தெரியாமலோ, என்னை ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு மாற்றுகிறார். இதைத்தான் முப்பது நொடியில் முணுமுணுத்தேன் என்று சொன்னால் பெருமையாக இருக்கும், உண்மை அதுவல்ல.

ஆனால் கேட் எதற்கு இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். டவுனிங் தெருவில் ஒரு காலத்தில் யார் வேண்டுமானாலும் நடந்து போய்ப் பத்தாம் எண் கதவின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்து ஆயுத இயக்கம் குண்டு வைத்த காலத்தில் அது போனது, 1989-இல் இப்போதிருக்கும் கறுப்பு இரும்பு கேட்கள் வந்தன. 1991 பிப்ரவரியில் ஐ.ஆர்.ஏ. பக்கத்துத் தெருவில் நிறுத்திய வேனிலிருந்து மோர்ட்டார் குண்டுகளைக் கட்டடங்களுக்கு மேலாகவே எறிந்தது, அது வேறு கதை. பெரிய கேட்டை எவ்வளவு குறைவாகத் திறக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பதுதான் காவல் இருப்பவர்களின் கணக்கு. 2017 மார்ச் 22 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் காரை ஏற்றி ஆட்களைக் கொன்றவன், திறந்து கிடந்த நாடாளுமன்ற வண்டி கேட் வழியாகத்தான் கத்தியோடு உள்ளே ஓடினான். கையில் துப்பாக்கி இல்லாமல் அங்கே காவலில் இருந்த கீத் பாமர் என்ற போலீஸ்காரர் செத்துப்போனார். அன்றிலிருந்து திறந்து கிடக்கும் கேட்டைப் பார்த்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

சைக்கிள் ஒன்றும் பரம சாதுவும் இல்லை. 2008-இல் ஜெய்ப்பூரிலும், 2013-இல் ஹைதராபாத் தில்சுக்நகரிலும் குண்டுகளைச் சைக்கிளில்தான் வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் சந்தேகப்படாத வண்டி என்பதாலேயே தேர்ந்தெடுத்தார்கள். எனவே என் பையைத் திறந்து பார்க்கட்டும். ஈர டவலும் புளிச்சோறும் இருக்கும், தாராளமாகப் பார்க்கட்டும்.

என் வழக்கு வேறு. காரை எப்படிச் சோதிப்பது என்று அவர்களுக்கு எழுதி வைத்த முறை இருக்கிறது. அட்டை, கண்ணாடிக் கழி, டிக்கி, தூண் இறங்கும், போ. நடந்து வருகிறவனுக்கும் முறை இருக்கிறது. சைக்கிளுக்கு மட்டும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் சைக்கிள்காரன் எந்தப் பக்கம் விழுவான் என்பது அன்றைக்கு டியூட்டியில் யார், அவருக்கு மூடு எப்படி, வந்தவன் யார் மாதிரி தெரிகிறான் என்பதைப் பொறுத்தது. மிட்செல் விஷயத்திலும் அதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். தனக்குத் திறப்பது வழக்கம் என்று அவர் சொன்னதை நான் நம்புகிறேன். கொறடாவுக்குத் திறந்திருப்பார்கள், ஏன் திறக்க மாட்டார்கள்? எழுதாத சலுகை அது. ஒருநாள் ஒருவர் அதைத் தர மறுத்ததும், பறிபோனது உரிமை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அந்தக் கோபத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்த ஒருவர் செய்ததுதான் சரி. முந்தின நாட்களில் திறந்தவர்கள் செய்தது தப்பு.

காரில் வந்திருந்தால் திறந்திருப்பார்களே என்று மிட்செலுக்காக அப்போது சிலர் வாதாடினார்கள். நானும் இந்த ஊருக்கு வந்த புதிதில் அப்படித்தான் பேசினேன். இப்போது பாதிதான் ஒப்புக்கொள்வேன். கார் அந்தச் சின்ன கேட்டில் நுழையாது, அவ்வளவுதான் காரின் தகுதி. அதற்காகக் கதவைத் திறப்பது மரியாதை இல்லை, வேறு வழி இல்லாமை. ஆனால் அதைப் பார்த்துப் பார்த்து, வாங்கிக்கொள்கிறவர், கொடுக்கிறவர், வேடிக்கை பார்க்கிறவர் எல்லோருக்கும் அது மரியாதையாகவே ஆகிவிடுகிறது.

இதை எனக்கு லண்டன் கற்றுக்கொடுக்கவில்லை. கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பஞ்சு மில்லில் அப்பா முப்பது வருஷம் வேலை பார்த்தார். முதல் சங்கு ஊதும்போது வீட்டை விட்டுக் கிளம்புவார், ஹேண்டில்பாரில் சாப்பாட்டுத் தூக்குப்போசி ஆடும். மில் கேட்டுக்குப் பத்தடி முன்னாலேயே இறங்கிவிட வேண்டும், 'சைக்கிளை விட்டு இறங்கிச் செல்லவும்' என்று போர்டு உண்டு. மேனேஜர் அம்பாசிடர் வந்தால் இரட்டைக் கதவும் திறக்கும், வாட்ச்மேன் சல்யூட் அடிப்பார், இறங்கி நிற்கிற சைக்கிள்கள் எல்லாம் ஓரம் ஒதுங்கும். நான் ஸ்கூல் லீவில் தூக்குப்போசி கொண்டுபோய்க் கொடுக்கும்போது நிறைய தடவை பார்த்திருக்கிறேன். சாயங்காலம் வெளியே வரும்போது நூல்கட்டை ஏதும் இருக்கிறதா என்று காலிப் போசியைத் திறந்து காட்ட வேண்டும். இருநூறு பேர் வரிசையில், ஒரு கையில் சைக்கிள், ஒரு கையில் திறந்த போசி. அம்பாசிடர் டிக்கியை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை.

வாட்ச்மேன் அப்பாவுக்குத் தெரிந்தவர்தான், பக்கத்து ஊர். "ஏனுங், எறங்கித் தள்ளீட்டுப் போங்" என்பார், எல்லோருக்கும் அதே சொல். யாரையும் விட மாட்டார். ஒரே ஒருமுறை யூனியன் தலைவர் இறங்காமல் மிதித்துக்கொண்டே போனபோது வாட்ச்மேன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார் என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். அப்பாவுக்கு அது வெற்றிக் கதை.

2019-இல் அவர் லண்டன் வந்திருந்தார். ஒயிட்ஹாலில் நடந்துபோகும்போது அந்தக் கறுப்பு கேட்டைக் காட்டி மிட்செல் கதையைச் சொன்னேன். அப்பா கம்பிகளுக்கு நடுவில் உற்றுப் பார்த்துக்கொண்டே கேட்டார். "மந்திரியா அவரு?"

"மந்திரி அந்தஸ்துதான்."

"எறங்கச் சொன்னானா?"

"சொன்னாங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "போசியத் தொறந்து பாத்தானா?"

"இல்லப்பா."

"அப்பறம் என்ன கண்ணு, கோபம் வருது அவுருக்கு?" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. அதற்குள் குளிர்கிறது என்று சொல்லிவிட்டார், பஸ் ஏறிவிட்டோம்.

நெதர்லாந்தின் பிரதமராக இருந்த மார்க் ரூட்டே டென் ஹாக்கில் ஆபீசுக்குச் சைக்கிளில் வருகிற போட்டோக்களைப் பார்த்துவிட்டு, பார் அந்த ஊரை என்று பேசுகிறவர்கள் உண்டு. அங்கே நாடாளுமன்ற முற்றத்துக்குள்ளேயே ஜனங்கள் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தார்கள். பிரதமரையும் மற்றவர்களையும் சமமாக நடத்தினார்கள் என்பதை விட, அந்த வழியை வடிவமைக்கும்போதே சைக்கிள் ஒன்று வரும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் படுகிறது. நம் பக்கம் அமைச்சர் சைக்கிளில் வந்தால் செய்தி. 2016-இல் அர்ஜுன் ராம் மேக்வால் மத்திய இணை அமைச்சராகப் பதவியேற்க ஜனாதிபதி மாளிகைக்குச் சைக்கிளில் போனார், 2021-இல் நடிகர் விஜய் நீலாங்கரையில் ஓட்டுப் போடச் சைக்கிளில் வந்தார், அன்று பூராவும் டிவியில் அதுதான். சைக்கிளில் தினமும் வருகிற கொத்தனாரை யாரும் படம் எடுப்பதில்லை, கேட்டில் அவருக்கு என்ன நடக்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. சைக்கிள் நுழைகிற அகலத்தில் ஒரு வழி, அதில் பையைச் சோதிக்க ஒரு மேஜை, என்ன செய்ய வேண்டும் என்று ஒரு போர்டு. இறங்க வேண்டும் என்றால் இறங்குகிறேன், ஆனால் எல்லா நாளும் இறங்குகிறேன், என் பின்னால் வருகிற டைரக்டரும் இறங்கட்டும். இதையே கொஞ்சம் நாகரிகமாக எழுதி வளாக நிர்வாகத்துக்கு மெயில் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, தங்கள் கருத்துக்கு நன்றி, குறித்துக்கொண்டோம் என்று பதில் வந்தது. எங்கே குறித்தார்களோ.

பிப்ரவரியில் ஒரு காலை, இந்தத் தடவை நிஜமான மழை. கேட்டில் அன்று இருந்தது அந்த முதல் போலீஸ்காரர்தான், பக்கத்து கேட்டைக் காட்டியவர். இரண்டு வருஷத்தில் முகம் பழகிவிட்டிருந்தது, கிரிக்கெட் பேசுகிற அளவுக்கு. என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, தூண்களை இறக்கி, "சீக்கிரம் போங்க சார், நனைஞ்சிட்டீங்க" என்றார். நான் அட்டையைக் கூட எடுக்கவில்லை. இறங்காமல், மிதித்துக்கொண்டே உள்ளே போனேன், அந்த யூனியன் தலைவர் மாதிரி.

பத்தடி போவதற்குள் பின்னால் அவர் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். முதுகில் சதுரப் பெட்டி மாட்டிய ஒரு பையன், சாப்பாடு டெலிவரி, வாடகைக்கு எடுத்த மாதிரி ஒரு பழைய சைக்கிள். தூண்கள் மேலே வந்துகொண்டிருந்தன. பையன் இறங்கி, அந்தச் சின்னக் கதவை முதுகால் தள்ளிப் பிடித்துக்கொண்டு சைக்கிளை இழுத்துக்கொண்டிருந்தான், பெட்டி கதவில் மாட்டியிருந்தது.

போய்க் கதவையாவது பிடித்திருக்கலாம். ஒன்பது மணிக்கு மீட்டிங் இருந்தது, போய்விட்டேன்.